முடித்தால் திறக்கும்

இந்த அறையில் ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியில் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவன் இப்படிச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் என் இடம் மாடியில், பயிற்சிப் பிரிவில். கீழே உறைபனி அறைக்குள் நான் போனது இரண்டு மூன்று தடவை இருந்தால் அதிகம். அதுவும் பாடத்துக்குப் போட்டோ எடுக்க.

நடந்ததை மட்டும் சொல்லு என்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா, ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். இணையவழிப் பயிற்சி என்றால் ஏதோ சாப்ட்வேரை வாங்கி மாட்டிவிடுகிற வேலை என்று பலபேர் நினைக்கிறார்கள். மாட்டிவிடலாம். மனுஷர்கள் அதன் முன்னால் உட்கார வேண்டுமே.

இதற்கென்று சில வழிகள் இருக்கின்றன. மேலிடம் முன்னால் நிற்க வேண்டும். வேலை நேரத்திலேயே படிக்க நேரம் கொடுக்க வேண்டும். பாடம் சின்னச் சின்னதாக இருக்க வேண்டும். தொழிலாளிகள் மதிக்கிற ஒருவர் அவர்கள் மத்தியில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முதலாளி ஒருநாள் கீழே வந்து நின்றார், போட்டோ எடுத்ததும் போய்விட்டார். நேரம் கொடுத்தேன், டீ குடித்தார்கள். டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரட்டை அடித்தார்கள். பேக்கிங் பிரிவில் ஒரு புண்ணியவான் தன் பிரிவு முழுவதற்கும் பரீட்சை எழுதிக் கொடுத்தார். எல்லோரும் தேறினார்கள், அவரைத் தவிர.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் பேசுவார். “ரெண்டு தடவ ஊத்திக்கிச்சு. இதுவும் ஊத்திக்கிட்டா உன் டிபார்ட்மென்ட்ட இழுத்து மூடிடுவேன். அப்புறம் நீ கீழ போய்ப் பெட்டி தூக்கு” என்றார். எனக்கு இரண்டு பிள்ளைகள், முதுகுவலி வேறு. அன்றைக்கு மாடிப்படியில் இறங்கும்போது நாலு பக்கமும் சுவர் எழும்பின மாதிரி இருந்தது.

அதனால் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன். வீடியோவை வேகமாக ஓட்ட முடியாதபடி செய்தேன். நடுநடுவே திரையைத் தொடாவிட்டால் பாடம் நின்றுவிடும். கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் அந்தப் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அவரவர் போனிலேயே படிக்கலாம் என்று வைத்தேன். கிடங்கின் மூலை முடுக்கெல்லாம், உறைபனி அறைக்குள்ளும்கூட, வைஃபை போட்டேன். இடம் ஒரு சாக்காக இருக்கக் கூடாது பாருங்கள்.

கடைசியாகக் கதவு. எங்கள் கம்பெனியில் எல்லாக் கதவும் கார்டு வைத்தால்தான் திறக்கும். அந்தக் கார்டைப் பாடத்தோடு இணைத்தேன். முடித்தவருக்குப் பச்சை, முடிக்காதவருக்குச் சிவப்பு. அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே. கேட் வாசலில் நின்றுகொண்டு படித்தார்கள், பஸ்ஸில் படித்தார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஒருவர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. உறைபனி அறைப் பொறுப்பாளர். என் மச்சான், என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் போதும், “மாப்ளைய உள்ள கொண்டுவந்ததே நான்தான்” என்று ஆரம்பித்துவிடுவார். பொய் இல்லை. ஆனால் தொண்டைக்குள் சோறு இறங்காது.

தொழிலாளிகள் மதிக்கிற ஆள் என்றேனே, அது அவர்தான். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருந்தால் மொத்தக் கிடங்கும் கேட்டிருக்கும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? எல்லோரையும் வைத்துக்கொண்டு, “கதவ எப்படித் திறக்கிறதுன்னு வீடியோ பாத்துக் கத்துக்கிற வயசா மாப்ள எனக்கு?” என்றார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் நான் எதையும் கோபத்தில் செய்கிறவன் இல்லை.

சிவப்புக் கார்டை வைத்துக்கொண்டு அவர் எப்படி வேலை பார்த்தார் என்றால், சுமை ஏற்றுகிறவர் யாராவது கதவைத் திறக்கும்போது கூடவே உள்ளே நுழைவார். வெளியே வர உள்பக்கமும் கார்டு வைக்கிற இடம் உண்டு, கூடவே ஒரு கைப்பிடியும் உண்டு, அமுக்கினால் கார்டு இல்லாமலே திறக்கும். அவருக்கு அது ராஜபாட்டை. அவரைப் பார்த்து இன்னும் சிலர் அதே வழியில் போக ஆரம்பித்தார்கள். பழையபடி எல்லாம் சரியப் போகிறது என்று தெரிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

“சார், இது ஆபத்துக்கு வச்சது சார். கழட்டலாமா?” என்று தயங்கினார்.

“கழட்ட வேணாம். கனெக்‌ஷன மட்டும் எடுத்துடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றேன். கைப்பிடி அங்கேயே இருந்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. யாருக்கும் சொல்லாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அது தவறு. சொன்னேன். பாடத்திலேயே சேர்த்தேன், கதவைப் பற்றிய கடைசிப் பாடத்தில். பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் மதியம் கேன்டீனில் பயிற்சி நிறைவு விழா. பெரிய திரையில் எத்தனை சதவீதம் பேர் முடித்தார்கள் என்ற எண். நூறு சதவீதம் ஆக ஒரே ஒரு ஆள் பாக்கி. யார் என்று எல்லோருக்கும் தெரியும். “எப்பய்யா நூறாகும்?” என்று முதலாளி மைக்கிலேயே கேட்டார். “இன்னைக்கே ஆயிடும் சார்” என்று சொல்லிவிட்டேன். கவனம் சிதறாமல் இருக்க எல்லோருடைய போனையும் வாசலில் ஒரு கூடையில் போடச் சொல்லியிருந்தேன். விழாவை நடத்துகிறவன் என்பதால் என் போன் மட்டும் கையில் இருந்தது.

அப்போதுதான் மச்சான் கூப்பிட்டார்.

“மாப்ள, இந்தக் கைப்பிடி என்ன, அமுக்கினா சும்மா ஆடுது? ஒரு லேபிள் பாக்க உள்ள வந்தேன். சுமைக்காரன் விழாவுக்கு நேரமாச்சுன்னான், நீ போடா நான் வரேன்னு அனுப்பிட்டேன். இப்பக் கதவு திறக்கல.”

“கார்ட வச்சுப் பாருங்க மச்சான்.”

“செவப்பு எரியுது.”

“கோர்ஸ முடிச்சா பச்சை எரியும்.”

சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். “சரி, நீ ஜெயிச்ச. ஆள அனுப்பு. கோட்டுகூடப் போடாம வந்திருக்கேன்.”

“போன் கையிலதான இருக்கு, வைஃபையும் இருக்கு. சின்னச் சின்னப் பாடம்தான், உக்காந்து முடிச்சுடுங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

என் போனிலிருந்து அந்தக் கதவை நான் திறந்திருக்க முடியும். அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு, ஒருமுறை தொட்டால் போதும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தொட்டிருந்தால் அவர் நேராகக் கேன்டீனுக்கு வந்திருப்பார், மேடையேறிக் கதை சொல்லியிருப்பார், அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். எண் அப்படியே நின்றிருக்கும். அப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டிலும், ஆயுசு முழுக்க, அந்தக் கதையை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது. அவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆரம்பித்துவிட்டார் ஐயா. என் போனில் அவர் பெயருக்கு நேராகப் பச்சைக் கோடு நகர்ந்தது. நகர நகர எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். முதல் பாடம், இரண்டாவது பாடம். பிறகு ஒரு கேள்வி தப்பாகிக் கோடு பின்னால் போனது. முதலாளி பேசிக்கொண்டே இருந்தார், மேடையில் நிற்கிற பழக்கம் உள்ளவர்.

மச்சான் மறுபடி கூப்பிட்டார். வார்த்தைகள் உடைந்து வந்தன. “போன் என் விரல... எடுத்துக்க மாட்டேங்குதுடா. தப்பாப் போச்சு, மொதல்லருந்து ஓடுது. விடைய மட்டும் சொல்லுடா.” என்னை ‘டா’ போட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“நான் சொன்னா நீங்க கத்துக்கிட்டதா ஆகாது மச்சான். விரல அக்குள்ள வச்சு சூடு பண்ணிக்கிட்டு மறுபடி போடுங்க. உக்காராதீங்க, நடந்துகிட்டே பாருங்க.” நடக்க வேண்டும் என்பது மூன்றாவது பாடத்தில் வருகிறது. அவர் அதுவரை வந்திருக்கவில்லை.

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாகக் கூட இருந்தவனே நான்தான்.

அடுத்து என் மனைவி கூப்பிட்டாள். “அண்ணன் ஏதோ கதவுங்கிறாரு. பேச்சே சரியில்லைங்க, பல்லு கிட்டிக்குது. என்னன்னு பாருங்க.” நான் பார்த்துக்கொள்கிறேன், போனை வை என்றேன். அவள் என்னை நம்பி வைத்துவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தக் கோட்டை.

கோடு மறுபடி நகர்ந்து, கடைசிப் பாடத்தின் வீடியோவும் ஓடி முடிந்தது. கைப்பிடி வேலை செய்யாது என்று அதில் என் குரலில்தான் வரும், கேட்டிருப்பார். கேள்விகள் மட்டும் பாக்கி. அங்கே கோடு நின்றது. காத்திருந்தேன். அசையவில்லை. முதலாளி பேச்சை முடித்துக்கொண்டு திரும்பித் திரையைப் பார்த்தார். கேன்டீனே திரையைப் பார்த்தது.

மேடைக்குப் பின்னால் போய், அவர் பெயரில் நுழைந்து, அந்தக் கேள்விகளுக்கு நானே பதில் போட்டேன்.

எண் நூறானது. கைதட்டல் அடங்கவே இல்லை. முதலாளி என் தோளில் கை போட்டார். சாப்பிட்டேன், பசிக்கத்தான் செய்தது. சாப்பிட்டுவிட்டுப் போன சுமைக்காரர்தான் அவரைப் பார்த்தது. கதவுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கார்டு விறைத்த கையில் இருந்ததாம்.

நான் அவரை அடைத்து வைத்தேன் என்று என் மனைவி எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். அவள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அந்தப் பதில்களைப் போட்டதும் அவர் கார்டு பச்சையாகிவிட்டது. எழுந்து கதவில் வைத்திருந்தால் திறந்திருக்கும். அந்த வகையில் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான்.

அந்தப் பதில்களை நான் போட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டுவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அவரே போட்டிருப்பார் ஐயா. நன்றாகத்தான் கற்றுக்கொண்டு வந்தார்.