மூணு சிலிண்டரில் ஓடிய கார்

நெருங்கி உட்காருங்கள். இது நம் செந்தில்குமாரின் பெரியம்மா மகள் வெற்றிச்செல்விக்கு நடந்தது. போன பங்குனியில்.

மாலை ஏழு மணி. ஆண்டிமடத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, முந்திரிக்காட்டுக்குள் போகிற குறுக்குப் பாதையில் தனியாகக் காரை ஓட்டி வந்தாள். முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை.

திடீரென்று கார் உதறியது. டக் டக் டக்... ஒரு இடைவெளி. டக் டக் டக்... மறுபடி இடைவெளி. மீட்டர் பக்கத்தில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. குப்பென்று பெட்ரோல் வாடை.

தம்பி குருமூர்த்தி அரியலூரில் கார் மெக்கானிக். அவனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"மிஸ்ஸிங் அடிக்குதுக்கா. நாலு சிலிண்டர்ல ஒண்ணுல பொறி வரல. மூணுதான் வண்டிய இழுக்குது. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குப் போயி அங்க எரியும். இரும்பு பழுத்துரும். ஓட்டாத. ஓரமா காட்டுக்குள்ள எறக்கி நிறுத்து."

இறக்கினாள். டயருக்கடியில் முந்திரிச் சருகு நொறுங்கியது. என்ஜினை அணைத்தாள்.

அமைதி... பிறகு காருக்கு அடியில் மெல்ல, பட்... பட்... சருகு கருகும் வாடை. பாதத்தில் சூடு ஏறியது.

"தம்பி, பொகையுதுடா!"

"எறங்காதக்கா."

"அடியில தீ புடிக்குதுடா!"

"கதவ சாத்திக்க. உள்ளயே இரு. நா வந்துகிட்டேதான் இருக்கேன்."

குருமூர்த்தியின் குரலேதான். ஆனால் அதில் துளிப் பதற்றம் இல்லை. கூடப் பிறந்தவன் சொல்கிறானே என்று அவளுக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. புகை தொண்டையை அடைத்த பிறகுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தாள். பை, செருப்பு, போன் எல்லாம் உள்ளே. வெறுங்காலோடு மெயின் ரோடு வரை ஓடினாள். திரும்பிப் பார்த்தால் கார் முழுக்க நெருப்பு.

பால் ஏற்றி வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர், பாவாடை என்று பெயர், வண்டியை நிறுத்தினார். அவர் போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்டா எறங்காதன்னு சொன்ன?"

"நா எப்பக்கா உங்கூடப் பேசுனேன்?" அவன் குரல் உடைந்தது. "மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிய சருகு மேல நிறுத்தச் சொல்வனா நானு?"

பைக்கில் பறந்து வந்தான். அதற்குள் கார் கரிக்கூடாகியிருந்தது. சீட்டு இருந்த இடத்தில் அவளுடைய போன் உருகி, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. பாவாடை டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று பேருமே பார்த்தார்கள்.

அப்போது குருமூர்த்தியின் சட்டைப் பையில் போன் அடித்தது.

திரையில் 'அக்கா'.

அக்கா அவன் தோளைப் பிடித்தபடி நிற்கிறாள்... எடுத்தான்.

வெற்றிச்செல்வியின் குரல்.

"நா எறங்கலடா தம்பி... உள்ளதான் இருக்கேன்."