அளவுகோல் வைத்துத் தைத்தவன்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, ஊசி பிடிக்கத் தெரியாத இந்தக் கையை உரிமையோடு திருத்திய தையல் ஆசிரியை அவர்களே, என்னைவிட மூத்தோர் எவரேனும் இங்கிருந்தால் அந்தப் பெரியோர்களே, பத்து விரலாலும் பல வண்ணம் படைக்கும் தாய்மார்களே, துணைக்கு வந்துவிட்டு உள்ளே வரத் தயங்கி வாசலோரம் நிற்கும் கணவன்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!

என்ன? சத்தமாகப் பேசவா? பேசுகிறேன் அம்மா. ஒலிபெருக்கியைக் கண்டாலே என் குரல் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது.

காலமெல்லாம் கட்டட வரைபடம் வரைந்தவன் நான். கோடு பிசகினால் சுவர் பிசகும், சுவர் பிசகினால் வீடு பிசகும் என்று நடுங்கி நடுங்கியே வாழ்ந்தவன். அப்படிப்பட்டவன், பெண்கள் நிறைந்த இந்த நூலக மாடித் தையல் வகுப்பில் ஏன் வந்து உட்கார்ந்தேன்?

எங்கள் மகள் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறாள். அவளுக்காக என் மனைவி ஒரு கிறுக்குப் போர்வை தொடங்கினார். வீட்டில் மிஞ்சிய துணிகளைக் கோணல்மாணலாக இணைத்து, ஒவ்வோர் இணைப்பின் மேலும் வண்ண நூலால் பூத்தையல் போடுகிற போர்வை. துணிகளை இணைத்து முடித்தார். பூத்தையல் தொடங்கும் முன்பே குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. தையற்கடையில் கொடுத்துவிடலாமே என்றேன்.

"யாரோ தைச்சதை என் பொண்ணு ஏன் போர்த்திக்கணும்? நீங்க போய்க் கத்துக்கிட்டு வாங்க. வீட்ல சும்மாதானே இருக்கீங்க?"

சும்மா இருப்பவன் சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே?

வந்தேன். மீன்முள் தையல், இறகுத் தையல், சங்கிலித் தையல் எல்லாம் கற்றேன். கற்றதை எப்படித் தைத்தேன் தெரியுமா? துணிமேல் அளவுகோல் வைத்து, பேனாவால் புள்ளி குத்தி, புள்ளிக்குப் புள்ளி ஊசி இறக்கினேன். ஆசிரியை வந்து பார்த்தார்.

"ஐயா, துணியெல்லாம் ஆடிக்கிட்டிருக்கு. உங்க தையல் மட்டும் ஆபீஸுக்குப் போய்க்கிட்டிருக்கு!"

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள்.

நான் மாறினேனா? இல்லை. பாதிப் போர்வையை அப்படியே முடித்தேன். மீதிப் பாதிக்கும் புள்ளி வைத்தேன். வைத்த பிறகு ஒரு சந்தேகம்: இன்னும் நெருக்கமாக வைத்திருக்கலாமோ? அழித்துவிட்டுத் திரும்ப வைப்போம் என்று ஈரத்துணியால் துடைத்தேன். அந்தோ! மை போகவில்லை, பரவியது! அந்தப் பாதியின் வெளிர்மஞ்சள் துண்டுகளெங்கும் நீலம், நீலம், நீலம்!

மனைவியின் முன் கொண்டுபோய் விரித்தேன். கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்த ஸ்கேலை இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"கறை எங்க போகுதோ, நூலும் அங்க போகட்டும். அவ கிளம்ப ஒரு வாரம்தான் இருக்கு. முழிச்சுக்கிட்டு நிக்காம தைங்க!"

தைத்தேன். கறை வளைந்த இடத்தில் இறகுத் தையல் வளைந்தது. கறை தெறித்த இடத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெறித்தன. பெருங்கறை ஒன்று பறவையானது. பக்கத்து வீட்டுக்காரர் அதைச் செருப்பு என்கிறார். இருக்கட்டும், அவர் கண்ணுக்குச் செருப்பு!

இன்று காலை மகளிடம் கொடுத்தோம். நேரான பாதியை விரலால் தடவிக்கொண்டே போனாள். வளைந்த பாதிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது நீ தைச்சதாம்மா?"

"கட்டுப் போட்ட கையோடயா? எல்லாம் உங்கப்பா வேலைதான்."

பிடிக்கவில்லையென்றால் பிரித்துவிடலாம் என்று இழுத்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. தோள்பையில் திணித்திருந்த கம்பளிச் சட்டையை உருவி அம்மாவிடம் நீட்டினாள்.

"இது இங்கேயே இருக்கட்டும்மா. போர்வை பெட்டிக்குள்ள வேண்டாம், என் கையிலேயே வரட்டும். விமானத்துல ஏறி உக்காந்ததும் போர்த்திக்குவேன்."

தாய்மார்களே! சுவருக்கு நேர்க்கோடு வேண்டும், மறுக்கவில்லை. மகள் போர்த்திக்கொள்ளும் துணிக்கு எதற்கு அளவுகோல்? வாசலோரம் நிற்கும் ஐயாமார்களே! கை நடுங்குகிறதா? வாருங்கள்! கண் மங்குகிறதா? கண்ணாடியோடு வாருங்கள்! கோணல் வருமே என்று கூச்சமா? கோணலையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்! இங்கே நாற்காலி இருக்கிறது, நூல் இருக்கிறது, திட்டுவதற்கு ஆசிரியை இருக்கிறார்!

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. விமான நிலையத்துக்குக் கிளம்பிய மகளின் வண்டி கீழே வந்து ஒலியெழுப்புகிறது. கண்காட்சிக்காக அவளிடம் இரவல் வாங்கி வந்து இந்தச் சுவரில் மாட்டிய போர்வையை, தலைவர் அவர்கள் அனுமதித்தால், இப்போதே கழற்றிக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி, சிரித்ததற்கு அதைவிட நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

யாராவது அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடியுங்கள் அம்மா.