விலாவில் வாசல் வெட்டிய போர்க்கப்பல்

காரோட்டுக் கலைமன்றத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கி, தளராமல் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் விஜயதாஸ் அண்ணாச்சி அவர்களே! ஆரியங்கோட்டிலிருந்தும் அம்பூரியிலிருந்தும் ரப்பர் வெட்டை மறந்து ஓடிவந்திருக்கும் உறவுகளே! முன்வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இருக்கிற ஒரே மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் மைக்செட்டுக்காரரே! அனைவருக்கும் இந்த நேசையனின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இந்த மேசைமேல் துணி மூடியிருப்பது என்ன? கேக்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. கேக்கு அல்ல, ஐயா. போர்க்கப்பல். ஓரடி நீளமுள்ள போர்க்கப்பல். சுடுமா என்று கேட்கிறார் இன்னொருவர். சுடாது மக்கா, இரும்.

இதைக் கட்டியவர்கள் என் அடுத்த வீட்டுக் கனகதாசும் அவர் மனைவி விஜயம்மாவும். கனகதாஸ் கடற்படைக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெயும் வேர்வையுமாய் உழைத்து ஓய்வு பெற்றவர். இப்போது பாறசாலையில் பம்புசெட் பழுது பார்க்கிறார். விஜயம்மா பள்ளிச் சீருடை தைப்பவர்.

தொண்ணூற்றாறில் விஜயம்மாவின் தம்பி துபாயிலிருந்து வந்தார். டேப்ரெக்கார்டர் வரும் என்று தெருவே காத்திருந்தது. அவரோ அத்தானுக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே கனகதாஸ் வேலை பார்த்த அதே வகைக் கப்பல், பிளாஸ்டிக் துண்டு துண்டாய்! கூடவே ஒரு பித்தளைத் தகடு. சாதாரணத் தகடா? ஒளியால் படம் பதித்து, அமிலத்தால் அரித்தெடுத்த தகடு! தலைமுடிபோல் கைப்பிடிக் கம்பி, எறும்பு ஏறும் ஏணி, கொசுவலையைவிட நுண்ணிய ரேடார்! முந்நூற்றைம்பது மடங்கு சுருங்கிய அந்த உலகத்தில் ஓர் ஆள் என்பவர் ஓர் அரிசி.

பிளேடால் வெட்டி, சாமணத்தால் பிடித்து, மடக்கி, பசை தொட்டு ஒட்டவேண்டும். பிடி தவறினால் பறந்துவிடும். ரேடார் பறந்தது. அந்த வீட்டில் துடைப்பம் தொடத் தடை போட்டார்கள். தேடுவதற்கு நானும் போனேன். கடைசியில் அது என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்திருந்தது. எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவி அது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு குடும்பம் வேண்டியிருந்தது.

அடுத்து கைப்பிடிக் கம்பி. ஸ்பேனர் பிடித்த கைக்கு அது வசப்படுமா? முறுகியது, மடங்கியது, முறிந்தது. "தூக்கித் தோட்டுத் தண்ணியில போடப் போறேன்!" என்று எழுந்தார் கனகதாஸ். தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு விஜயம்மா வந்தார். "தள்ளி இருங்க. லேஸ் வைக்கியது போல உள்ள வேலையாக்கும்."

வைத்தார். முனையிலிருந்து முனைவரை, ஒரு கோணல் இல்லாமல்! வைத்து முடித்துவிட்டுக் கேட்டார்: "இதுல நீங்க எங்கயாக்கும் கிடந்தது?"

"உள்ள. தண்ணி மட்டத்துக்குக் கீழ. மூணு அடுக்குக் கட்டில்ல நடுவுல."

"பிள்ளை போன சேதி வந்தப்ப?"

பெரியோர்களே, இதைச் சொல்ல விஜயம்மாவிடம் அனுமதி கேட்டேன். "சொல்லும். ஆனா ஆளுகள அழ வைக்காதேயும். மைக்செட்டுக்கு வாடகை குடுத்தது அதுக்கில்ல" என்றார். ஆகையால் நேராகவே சொல்கிறேன்.

அவர்களுக்கு ஒரே ஒரு பெண்குழந்தை பிறந்தது. இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் சொல்லும் முன்பே காய்ச்சலில் போனது. கனகதாஸ் நடுக்கடலில் இருந்தார். செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே அடக்கம் முடிந்திருந்தது. லீவில் வந்தவர் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. காற்று வாங்கிக்கொண்டு, கரைகள் பார்த்துக்கொண்டு இவர் சுகமாய் இருந்தார் என்றே விஜயம்மா இத்தனை காலமும் எண்ணியிருந்தார்.

"அந்தக் கட்டில்லதான். கம்பளிய தலைவழியா மூடிட்டுக் கிடந்தேன். பிறகு எஞ்சின் ரூமுக்குப் போனேன். அங்க அழுதா ஒருத்தனுக்கும் கேக்காது" என்றார் கனகதாஸ்.

விஜயம்மா பிளேடை எடுத்தார். கப்பலின் விலாவில் வைத்தார்.

"எட்டி, என்ன செய்யிய? போர்க்கப்பலாக்கும்!"

"மேசை மேலதானே கிடக்கு. தண்ணி கேறாது."

தபால்தலை அளவுக்கு ஒரு வாசல் வெட்டினார். மிஞ்சிய பித்தளைச் சட்டத்தை மடக்கி மூன்று அடுக்குக் கட்டில் செய்தார். நடுக்கட்டிலில் ஓர் அரிசி நீள மனிதனைக் கிடத்தி, நீல நூலால் போர்த்தினார். கனகதாஸ் சாமணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

இந்தக் கப்பல் நெய்யாற்றின்கரைக் கைவினைக் கண்காட்சிக்குப் போனது. நடுவர் லென்சு வைத்துப் பார்த்தார். கம்பியைக் கண்டு வியந்தார், ஏணியைக் கண்டு அசந்தார், விலாவைக் கண்டு நின்றார். "இது போம்பு வீணதாணோ?" குண்டு விழுந்ததா என்று மலையாளத்தில் கேட்கிறார்! வெட்டிய துண்டை ஒட்டினால் முதல் பரிசு உறுதி என்றும் சொன்னார். துண்டு கனகதாசின் சட்டைப்பையில் இருந்தது. கையில் எடுத்தார். நானாக இருந்தால் ஒட்டியிருப்பேன். ஒட்டினாரா?

"வேண்டாம் சாரே. மூடினா நான் கிடந்த இடம் இவ கண்ணுக்குக் காணாது."

முதல் பரிசு தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஒரு யானைக்குப் போனது. நல்ல யானை. குறை சொல்ல மாட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் கப்பல் விஜயம்மாவின் மடியில். முன்சீட்டில் நான். கனகதாஸ் மெதுவாய்ச் சொன்னார்: "அன்னைக்கு கட்டில்ல கிடந்து நான் பிள்ளைக்கு ஒரு பேரு போட்டேன். லேகான்னு."

பாறசாலையில் இறங்கியதும் விஜயம்மா கேட்டார்: "இவ்வளவு நாளும் உங்க வாயில என்ன இருந்தது?" கேட்டுவிட்டு அழுதார். கனகதாசும் அழுதார். பஸ் ஸ்டாண்டில், எந்த எஞ்சின் சத்தமும் உதவிக்கு வராமல், எல்லோரும் பார்க்க அழுதார். நான் கப்பலை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

இதோ, துணியை விலக்குகிறேன்! போர்க்கப்பல் என்றால் முகப்பில் எண் இருக்கும். இதில் என்ன இருக்கிறது? வெள்ளை வண்ணத்தில், ஊசிமுனையால், இரண்டே எழுத்து! இந்தப் பெயரில் ஒரு போர்க்கப்பல் கொச்சியில் உண்டா? மும்பையில் உண்டா? நான் கேள்விப்பட்டதில்லை. காரோட்டில் உண்டு! நம் மன்றத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், இன்றுமுதல் உண்டு!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இடம் தந்த மன்றத்துக்கு நன்றி. இத்தனை காலமும் இந்த ஊரில் ஒருவரும் அழைக்காத விதத்தில் இருவரை அழைத்து முடிக்கிறேன். லேகாவின் அம்மா அவர்களே, லேகாவின் அப்பா அவர்களே, மேடைக்கு வாருங்கள். வணக்கம்.