மூன்றாம் தொட்டிக்குப் போகாத துணி

அடையாளம் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல உயரம், மாநிறம், இடது புருவத்தின் மேல் ஒரு மச்சம். வலது காலில் இரண்டு விரல் கிடையாது. அது எப்படிப் போனது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தங்கையைத் தேடித் தாருங்கள் என்று வந்தவன் பாதியை மறைத்தால் உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.

என் பெயர் ஞானசம்பந்தம். நொய்யல் கரையில் பனியன் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மா இறந்தபோது சாரதாமணிக்கு ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, அவிநாசி நட்டுவனாரிடம் பரதம் படிக்க வைத்தது எல்லாம் நான்தான். கல்யாணம் செய்துகொள்ள எனக்கு வாய்க்கவில்லை. வீட்டில் பேச்சுக் குரல் என்றால் அது அவள் குரல்தான். அவள் இல்லாத நேரத்தில் ரேடியோவைப் போட்டுக்கொள்வேன், பாட்டுக்காக அல்ல.

அறுபத்தாறில் கோவைக்கு ஒரு ரஷ்ய நடனக் குழு வந்தது. கட்டைவிரல் நுனியில் நின்று சுழல்கிறார்களே, அந்த பாலே. வரவேற்புக்கு உள்ளூர்ப் பிள்ளைகளை ஆடச் சொன்னார்கள், சாரதாவும் ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்த ரஷ்ய ஆசிரியை ஒருவர், லெனின்கிராடில் இரண்டு வருஷம் படிக்க அவளுக்கு இடம் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். ஐப்பசியில் டில்லியில் உடல் பரிசோதனை. கால் நன்றாக இருந்தால் போதும் என்றார்கள்.

"ரெண்டே வருசந்தானுங்ணா. திரும்பி வந்து உங்களையும் ஒத்தை வெரல்ல நிக்க வெக்கறனுங்" என்றாள். நானும் சிரித்தேன்.

நான் விசாரிக்காமல் எதையும் செய்கிறவன் அல்ல. வாசகசாலையில் அந்த நடனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பிரான்சிலிருந்து வந்த வாத்தியார்கள் ரஷ்ய மன்னர் காலத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ரஷ்யர்கள் அதை வளர்த்துப் பாரிசுக்கே திருப்பிக் கொண்டுபோய் ஆடிக் காட்டினார்கள். அதற்குள் நாட்டில் புரட்சி வந்தது. வெளியே இருந்தவர்களில் பலர் திரும்பவேயில்லை. லண்டனிலும் அமெரிக்காவிலும் பள்ளிக்கூடம் திறந்து அங்கேயே இருந்துவிட்டார்கள். உலகமெல்லாம் அந்தக் கலை பரவியது அப்படித்தானாம். புத்தகம் அதைப் பெருமையாக எழுதியிருந்தது. எனக்கோ ஊரிலே அவர்கள் விட்டுப்போன வீடுகள்தான் கண்ணில் நின்றன. அங்கே விளக்கேற்ற யார் இருந்திருப்பார்கள்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சாரதா கான்வாஸ் செருப்பின் முனையில் பனியன் கழிவுத் துணியைத் திணித்துக்கொண்டு, துவைகல்லின் மேல் ஏறி விரல் நுனியில் நின்று பழகினாள். விரல்களில் கொப்புளம் வந்து உடைந்தது. கட்டுப் போடுகிறேன் என்று உட்கார வைத்தேன்.

எங்கள் தொழிலில் மூன்று தொட்டி. முதலில் பிளீச்சிங் பவுடர், அடுத்தது ஆசிட் கலந்த தண்ணீர், மூன்றாவது அலசுகிற நல்ல தண்ணீர். மூன்றாவதில் சரியாக அலசாவிட்டால் துணி பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். காயக் காய உள்ளே இருக்கிற ஆசிட் கெட்டிப்பட்டு இழையைத் தின்றுவிடும். நான் இரண்டாம் தொட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன்.

பட்டறையில் துணி அலசுகிற வேலாத்தாள் பார்த்துவிட்டாள். "ஏனுங் மொதலாளி, அது இன்னும் அலசலீங்களே."

"மிசினு தொடைக்கத்தான் ஆத்தா" என்றேன்.

"எரியுதுங்ணா" என்று சாரதா காலை இழுத்தாள். மருந்து என்றால் எரியத்தான் செய்யும் என்றேன். என் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. ஐப்பசி வரை ஆறாமல் இருந்தால் போதும் என்பதுதான் என் கணக்கு.

ஐப்பசி வந்தது, போனது. டில்லிக்குப் போகவில்லை. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு சாயங்காலமானால் என் மடியில் காலை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள். நடனம் பிடித்த நாளிலிருந்து என்னோடு அவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சாயங்காலங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதனால் நிறுத்தவில்லை. மார்கழியில் விரல்கள் கறுத்துப்போய், பெரியாஸ்பத்திரியில் இரண்டை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கட்டு மாற்றியவன் நான்தான். அதே தொட்டித் துணிதான். மூன்று வருஷமாகப் புண் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை பட்டறையிலிருந்து வந்தேன். அவளைக் காணோம். கொடியில் அவள் காலில் கட்டியிருந்த துணி மட்டும் தொங்கியது. முகர்ந்து பார்த்தேன், ஆசிட் நெடியே இல்லை. மூன்றாம் தொட்டியில் நன்றாக அலசி, பிழிந்து, சுருக்கமில்லாமல் உதறிக் காயப் போட்டிருந்தாள். பட்டறையில் வளர்ந்த பெண்ணுக்கு அலசாத துணி எது என்று தெரியாதா? ஆனால் எதற்காக அப்படிச் செய்தாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் செய்ததற்கு என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை மட்டும் சீக்கிரம் தேடுங்கள். கட்டு மாற்றி நான்கு நாளாகிறது. என்னை விட்டால் அவளுக்கு யாருமே இல்லை.