வானத்தைக் கழித்து எடை கண்டவர்

மலைமேல் எங்களோடு கண்விழித்த பெருந்தகையே, தொலைவில் எரியும் குவேசார்களின் நடுவே மறைந்திருக்கும் கருந்துளைகளுக்கு எடை சொன்னவரே, தவறான எடையைச் சொல்ல மறுத்தவரே, எங்கள் மூத்த ஆய்வாளர் திரு. தேவசகாயம் அவர்களே, வணக்கம்.

இம்மன்றத்தில் உங்கள் உறவினரும் ஆம்பூர் நண்பர்களும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களும் அறியும்படி உங்களை ‘அவர்’ என்றே வைத்துச் சொல்லிப் போகிறோம், பொறுத்தருள்க.

கருந்துளையை யாரும் பார்க்க முடியாது. அதைச் சுற்றி வாயு சுழல்கிறது; அந்த வாயு எரிந்து வீசும் ஒளியே குவேசார். சுழற்சி வேகமானால், நிறமாலையில் அந்த வாயு இடும் கோடு அகலமாகும். கோட்டின் அகலத்தையும் வாயு சுழலும் தூரத்தையும் கொண்டு நடுவிலிருப்பதன் எடையைக் கணக்கிடலாம். ஆனால் தொலைநோக்கிக்குள் குவேசாரின் ஒளி மட்டும் வருவதில்லை. நம் வானத்தின் மங்கிய ஒளியும் கலந்தே வருகிறது. பக்கத்து வெற்று வானத்தைத் தனியே பதிவு செய்து இதிலிருந்து நீக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் இதற்கு ‘வானத்தைக் கழிப்பது’ என்று பெயர்.

தேவசகாயமும் நந்தகோபாலும் இந்த வேலையில் இணைபிரியாதவர்கள். 1986 பிப்ரவரியில் பதிவு செய்த ஒரு குவேசாருக்கு நந்தகோபால் எடை கண்டார்: சூரியனைப் போல நூறு கோடி மடங்கு. எத்தனையோ கட்டுரைகளில் பின்வரிசையில் நின்ற அவர் பெயர் முதலில் வரவிருந்த கட்டுரை அது. எழுதி முடித்த கையோடு மஞ்சள் காமாலையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதை வெளியிடும் பொறுப்பு தேவசகாயத்தின் மேல் விழுந்தது. நந்தகோபாலின் மனைவி பூரணி சத்துவாச்சாரியில் தம் வீட்டில் அதற்காகவே காத்திருந்தார். காத்திருக்க அவருக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, ஆம்பூர் பஸ் நிலையத்தில் தேவசகாயத்தைப் பிடித்துக்கொண்டார் மக்பூல் அகமது. தோல் தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன்.

“இன்னா சார், எடை போட்டாச்சா? ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?”

“ரெண்டும் இல்ல பாய். உங்க தராசு தாங்காது.”

“தராசு கெடக்கட்டும், எங்க யார்டுக்கு ஒருவாட்டி வாங்க. சோடியம் லைட்டு போட்டுட்டோம். மஞ்சளா, பட்டப்பகல் கணக்கா இருக்கு. உங்க மலையிலேர்ந்தே தெரியுமே.”

“எப்ப போட்டீங்க?”

“பொங்கலுக்கு முன்னாடியே. நம்ம யார்டு மட்டும் இல்ல சார், ரோடு பூரா ஜாஸ்தி ஆயிடுச்சு.”

தேவசகாயம் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது.

மேகம் குறுக்கிட்டு நேரம் குறையும் இரவுகளில் வெற்று வானத்துக்கென்று நேரம் ஒதுக்காமல், முந்தைய ஆண்டுப் பதிவையே எடுத்துக் கழிப்பது எங்கள் எல்லோருடைய வழக்கமாக இருந்தது. மலைக்கு மேலிருக்கும் வானம் எங்கே மாறிவிடப் போகிறது என்ற நம்பிக்கை. நந்தகோபாலும் பழைய வானத்தைத்தான் கழித்திருந்தார். புதிய விளக்குகளின் அகன்ற மஞ்சள் ஒளி, குவேசாரின் கோடு விழுந்த அதே இடத்தில் விழுந்து, கோட்டை விரித்துக் காட்டியிருக்கிறது. கருந்துளையோடு ஆம்பூரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறார் நந்தகோபால்.

தேவசகாயம் புதிய வானத்தைப் பதிவு செய்து கழித்தார். எடை பாதிக்கும் கீழே இறங்கியது. சத்துவாச்சாரிக்குப் போனார்.

“நீங்க பேசாம இருந்துட்டா யாருக்குண்ணா தெரியும்?” என்றார் பூரணி.

“இப்போதைக்கு யாருக்கும் தெரியாதும்மா.”

“அப்புறம் இன்னாத்துக்கு? அவரு போய்ட்டாரு. இது ஒண்ணாவது முழுசா இருக்கட்டுமே.”

“நாளைக்கு எவனோ ஒருத்தன் அளந்து பாப்பான். நந்தகோபால் சொன்னது தப்புன்னு எழுதுவான். பதில் சொல்ல அவன் இருக்க மாட்டான்மா.”

“நீங்க இருப்பீங்க இல்ல?”

“நான் எத்தினி நாளைக்கு?”

பூரணி உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை தேவசகாயம் வாசற்படியிலேயே நின்றார். வந்தவர் கேட்டது ஒன்றுதான்: “பேரு?”

“அவன் பேருதான் மொதல்ல. என் பேரு வேணாம்.”

“உங்க பேரும் இருக்கட்டும்,” என்றார் பூரணி. “தனியா வுடாதீங்க அவர.”

கட்டுரை சின்ன எடையோடு வெளிவந்தது. புகழ் ஒன்றும் வரவில்லை; நந்தகோபால் பெயரில் ஏற்பாடாகியிருந்த நினைவுச் சொற்பொழிவும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறு நாட்டினர் அதே குவேசாரை அளந்தார்கள். அவர்கள் கண்ட எடையும் ஏறக்குறைய அதுவே. நந்தகோபாலைத் திருத்தி எழுத எவருக்கும் வேலை இருக்கவில்லை.

அன்பிற்குரிய ஐயா, அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே சேர்ந்து நிற்கும் இரு பெயர்களில் ஒருவர் முன்பே போனார். மற்றவர் இன்று பணி ஓய்வு பெற்று மலையிறங்குகிறார். கீழே விளக்குகள் கூடிக்கொண்டே போகின்றன, எங்களுக்குக் கழிக்க வேண்டிய வானமும் கூடுகிறது. நீங்கள் நல்ல உடம்போடு நெடுநாள் இருக்க வேண்டும். பதில் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
வானாய்வு நிலையப் பணியாளர்கள்
30.6.1988

எழுதியது: பூரணி நந்தகோபால், நிலைய நூலகம்