சுத்தமான மூச்சு

டீயில் ஏலக்காய் போட்டால் நான் குடிக்க மாட்டேன் சார். வாயில் வாசம் நிற்கும். பீடி இல்லை, பான் இல்லை, சாராயம் தொட்டதே இல்லை. அப்பன் குடித்தே செத்தவன், பார்த்தது போதும்.

இந்த மூச்சால்தான் கம்பெனியில் எனக்கு மதிப்பு. பெயருக்கு டிரைவர். விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து பைலட் கேப்டன் லியோனார்டை ஹெலிகாப்டர் நிற்கிற மைதானத்தில் கொண்டுபோய் விடுவேன். பறப்பதற்கு முன் பைலட் ஒரு மெஷினில் ஊத வேண்டும். குடித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். லியோனார்டைத் தினமும் காட்டிக்கொடுக்கும். அதனால் நான் ஊதுவேன். சோதனை போடுகிற சேஷு அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பான்.

"ஊதுங்க மாமா. உங்களுது கோயில் மூச்சு" என்பான் லியோனார்ட்.

மாமா என்பது சும்மா மரியாதைக்கு இல்லை. அவன் என் மகள் அலினாவின் புருஷன். வெளி ஆட்கள் முன்னால் மட்டும், "ஏ டிரைவர்."

ஏன் ஊதினாய் என்று கேட்பீர்கள். வேலை போனால் அவன் கோபத்தை யார் மேல் காட்டுவான்? ஏற்கெனவே அவன் அறைந்து அவளுக்கு இடது காது கேட்காது. பங்குச்சாமியிடம் சொன்னேன், செபம் பண்ணச் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் வந்தேன். குடும்ப விஷயம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஏலக்காய் இருந்தது.

இந்த வருஷம் தவக்காலத்தில் அவன் குடியை விட்டான். மெஷினில் அவனே ஊதினான். ஈஸ்டர் சாப்பாட்டில் அலினா என் தட்டில் கறி போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஸச்சி, நெசமாத்தான் சொல்றேன்ப்பா, அவரு மாறிட்டாரு. இனிமே தொடவே மாட்டாராம்."

"நாப்பது நாள் எவன் வேணும்னாலும் சும்மா இருப்பான்."

"உங்களுக்கு உலகத்துல யாரைத்தான் புடிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவன் தட்டுப் பக்கம் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கிர்க்கி வைன் ஷாப்பில், வாழ்க்கையில் முதல் தடவையாக, வரிசையில் நின்றேன். கோயில் ஆட்கள் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை காரின் பின்சீட்டில் ரம் பாட்டில் இருந்தது.

"என்ன மாமா இது?"

"ஈஸ்டருக்கு என்னோட அன்பளிப்பு மாப்பிள்ளை. தவக்காலம்தான் முடிஞ்சுதே."

"வேணாம் மாமா. ட்யூட்டி இருக்கு."

"ஊதறதுக்கு நான் இருக்கேன்ல?"

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பாலம் தாண்டும்வரை மடியிலேயே வைத்திருந்தான். பிறகு மூடி திறக்கிற சத்தம் கேட்டது. நான் அவன் வாயில் ஊற்றவில்லை சார். உண்மையில் மாறியவன் என்றால் ஜன்னல் வழியே எறிந்திருப்பான்.

மைதானத்தில் நான் ஊதினேன். மெஷின் பூஜ்யம் காட்டியது.

ஹடப்சர் பக்கம் விலைக்கு வந்த நிலங்களை மேலிருந்து படம் எடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். பார்கவி என்று பெயர், மெட்ராஸ். நான் தமிழ் என்றதும் அவளுக்கு உயிர் வந்தது.

"அங்கிள், ஃபர்ஸ்ட் டைம். பைலட் நல்லா ஓட்டுவாரா?"

"என் மாப்பிள்ளைதான். தைரியமா ஏறும்மா."

அவள் கேமரா பையை நானே தூக்கி உள்ளே வைத்தேன். பெல்ட்டையும் இழுத்துச் சரிபார்த்தேன்.

மலைச்சரிவில் கிடந்ததை நீங்களே போய்ப் பார்த்தீர்கள். இரண்டு பேரும் அங்கேயே முடிந்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்காகக் கோயிலில் ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

காரில் கிடந்த பாட்டிலை எடுத்தது அலினாதான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவன் மாறவில்லை, அப்பன் சொன்னதுதான் சரி என்று அவளுக்குப் புரிய நாளாகும்.

வாங்கியது நான், கொடுத்தது நான், ஊதியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குடித்தவன் அவன். சந்தேகம் இருந்தால் அந்த மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள் சார். இப்போதும் ஊதிக் காட்டுகிறேன்.