சக்கரம் மாட்டாத எந்திரத்துக்கு நாலாயிரம் ஓட்டு

இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, எனக்கு மூன்றே மூன்று நிமிடம் என்று விரல் காட்டியிருக்கும் கலைச்சங்கத் தலைவர் சிலுவைதாசன் அவர்களே! இந்தக் கிழவன் என்ன சொல்லித் தொலைப்பானோ என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! நம் பிள்ளைகளுக்கு எந்திர வித்தை கற்பித்த நேசபாய் டீச்சர் அவர்களே! தோகாவிலிருந்தும் சார்ஜாவிலிருந்தும் விடுப்பில் வந்து, அத்தர் மணக்க முன்வரிசையை நிறைத்திருக்கும் வாலிபர்களே! அலையோரம் பிறந்து, அலையோரம் வளர்ந்து, அலையைவிட உரத்துப் பேசும் என் வயதுக்காரர்களே! விடியலில் மீன் சுமந்து, உச்சியில் விற்று, அந்தியில் உலை வைத்து, அதற்கும் பிறகு இந்த மேடையைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, மாலை கனத்துத் தலை குனிந்து நிற்கும் குழுத்தலைவி அஜிஷாவே, அவளோடு உழைத்த ஜெஃப்ரினே! இருகரம் கூப்பி நிற்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கையில் தாள் இல்லை. ஆகவே மூன்று நிமிடத்தில் முடியாது. தலைவர் மன்னிக்க வேண்டும்.

மூன்று மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு பேர் பேசினார்கள். ஏழு பேரும் "முதலிடம், முதலிடம்" என்று முழங்கினார்கள். பதினான்கு பொன்னாடை போர்த்தினார்கள். சென்ற சனிக்கிழமை நாகர்கோவிலில், மாவட்டத்து மாணவர் எந்திரப் போட்டியில், தேங்காய்ப்பட்டணம் முதலிடம்! நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவராவது அந்த எந்திரம் அன்றைக்கு என்ன செய்தது என்று சொன்னீர்களா? நடந்ததா? ஏறியதா? சுமந்ததா? இறங்கியதா? சொல்லவில்லையே! ஏன் சொல்லவில்லை? சொல்ல ஒன்றும் இல்லாததினால் சொல்லவில்லை!

என்ன அங்கே சத்தம்?

"பாட்டா, இண்ணைக்கு நல்ல நாளு, நல்லது பறையும்!" என்கிறாள் மீன்கார குளோரி. பறைகிறேன் மக்களே, பறைகிறேன். பொறுத்துக்கொள்.

வேனில் இடம் பிடித்துப் போனவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் போனைப் பார்த்தீர்கள். நான் போட்டியைப் பார்த்தேன். பலகையில் ஐந்து படி செய்து வைத்திருந்தார்கள். இரண்டு கிலோ மணல் மூட்டையை எந்திரம் சுமந்து ஐந்து படியும் ஏற வேண்டும், மேலே இறக்கிவைக்க வேண்டும், திரும்பி வர வேண்டும். பதினொரு பள்ளிக்கூடம். நம்முடையது நாலாவதாக ஏற வந்தது. அடடா, என்ன அழகு! நீலப் பெயிண்ட், வெள்ளிக் கண், தகரத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சுறா வால்! முதல் படி ஏறியது. இரண்டாம் படி ஏறியது. மூன்றாம் படியில் மூக்கைத் தூக்கியது, முதுகடித்து மறிந்து மல்லாந்து விழுந்தது. மூட்டை கிழிந்து மணல் சிதறியது. அவ்வளவுதான் நம் எந்திரத்தின் அன்றைய வரலாறு.

ஒன்பதாவதாக மயிலாடிப் பள்ளியின் எந்திரம் ஏற வந்தது. கொண்டுவந்தவள் ஆதிரா என்றொரு பிள்ளை, கல் கொத்துகிறவரின் மகள். பெயிண்ட் இல்லை, கண் இல்லை, வால் இல்லை. கல் அறுக்கும் பட்டறையில் கழித்துப்போட்ட ரப்பர் வாரைச் சக்கரத்தில் சுற்றியிருந்தார்கள். பார்த்தால் கிரீஸ் டப்பா. அந்தக் கிரீஸ் டப்பா ஒவ்வொரு படியாய், ஒவ்வொரு படியாய், நின்று, நிதானித்து, ஐந்து படியும் ஏறி, மூட்டையை ஒரு மணல் சிந்தாமல் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கியது. கை தட்டினவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எட்டுப் பேர். மற்றவர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? மேலே, பெரிய திரையில், ரசிகர் ஓட்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்! எந்திரம் படி ஏறுகிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. எண்ணிக்கை ஏறுகிறது, அதைப் பார்க்க அரங்கமே நிமிர்ந்து நிற்கிறது! இது எந்த ஊர் நியாயம் ஐயா?

நடுவர்களுக்கு நாற்பது மார்க், ரசிகர் ஓட்டுக்கு அறுபது மார்க். இதுதான் அவர்கள் வைத்த விதி. நடுவர்கள் மயிலாடிக்கு முப்பத்தெட்டும் நமக்குப் பதினொன்றும் போட்டார்கள். ரசிகர்களோ நமக்கு நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, மயிலாடிக்கு அறுபத்தொன்று. அதனால் ஓட்டுக்கான மார்க் நமக்கு அறுபது, அவர்களுக்கு ஒன்று. கூட்டினால் எழுபத்தொன்றும் முப்பத்தொன்பதும். ஏறியது இரண்டாம் இடம், மறிந்தது முதலிடம்!

அறிவித்தபோது அந்த ஆதிராவைப் பார்த்தேன். அழவில்லை. திரையைப் பார்த்தாள், பிறகு தன் எந்திரத்தைப் பார்த்தாள், இந்த இரண்டில் எது பழுது என்று தெரியாதவளைப் போல. பிறகு என்ன செய்தாள் தெரியுமா? நம் எந்திரத்திலிருந்து தெறித்து அவள் காலடியில் கிடந்த ஒரு திருகாணியைக் குனிந்து எடுத்து, அஜிஷாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நீங்கள் அப்போது அங்கே இல்லை. வெளியே வெடி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பும் வழியெல்லாம் வேனில் பாட்டு. கடைசிச் சீட்டில் எந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்த அஜிஷா. "ஏன் மக்களே மறிஞ்சுது?" என்று கேட்டேன். "வாலு, பாட்டா. போட்டோக்கு நல்லாருக்கும், ஓட்டு விழும்னு சொல்லிக் கெட்டுன வாலு. அதுதான் பின்னால இழுத்து மறிச்சுது" என்றாள். கேட்டீர்களா? ஓட்டு வாங்க வைத்த வால்தான் ஓட விடாமல் விழத்தட்டியது! முதலிடம் கொடுத்த நாலாயிரம் பேரில் ஒருவருக்காவது இது தெரியுமா? வாரி வழங்கினீர்களே ஒழிய, வாய் திறந்து கேட்டீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். ஓட்டுப்போடுவது தொடங்கியது திங்கட்கிழமை. வியாழக்கிழமைக்குள் வளைகுடாவிலிருந்து நாலாயிரம் வந்துவிட்டது. அந்த எந்திரத்துக்குச் சக்கரம் மாட்டியதே வெள்ளிக்கிழமை மாலை! சக்கரம் மாட்டாத எந்திரத்துக்கு எதை நம்பி ஓட்டுப் போட்டீர்கள்?

முன்வரிசை வாலிபன் லிஜின் எழுந்துவிட்டான். உட்காரும் தம்பி. சற்றுமுன் இதே ஒலிவாங்கியில் நீர் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊர்ப்பட்ட போட்டியில கடற்கரைப் பிள்ளைகளை எந்த நடுவன் ஜெயிக்க விட்டான்? இப்பம் நமக்க கையில போன் இருக்கு. அமுக்கினோம், ஜெயிச்சோம். இதில என்ன தப்பு?" என்றீர். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

நான் உம்மைப் பழிக்கவில்லை தம்பி. நீர் பிறப்பதற்கு முன்னே அந்த நெருப்பை விழுங்கியவன் நான். அறுபத்தேழாம் ஆண்டு, ஜனவரி மாதம், ஒரு திடலில் ஓட்டப்பந்தயம். நம் ஊர்ப் பையன் கயிற்றை நெஞ்சால் அறுத்தான். நடுவர் வந்து, "வரிசையில் ஒழுங்காக நிற்கவில்லை" என்று சொல்லி அவனை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். கண்ணால் கண்டேன். அவன் முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. சென்ற சனிக்கிழமை அதே முகத்தை மறுபடி பார்த்தேன். ஆனால் இந்த முறை அது நம் ஊர்ப் பிள்ளையின் முகம் இல்லை. முதலில் ஓடி வந்தவளைத் தள்ளிவிட்ட நடுவர் யார்? நாம்! நடுவருக்கு ஒரு கை இருந்தது. நமக்கு நாலாயிரத்து எண்ணூறு கை! அநியாயம் கைமாறி வந்தால் நியாயம் ஆகிவிடுமா, சொல்லும்!

"அப்பம் மக்களுக்கு ஒரு வெலையும் இல்லியா?" என்கிறார் அந்த மூலையில் ஒருவர். இருக்கிறது ஐயா. எது அழகு என்று கேட்டால் மக்கள் சொல்லட்டும். அழகுக்கு ஒரு பரிசு தனியே வைக்கட்டும், அந்தச் சுறாவுக்கே கொடுக்கட்டும், நானும் விசிலடிக்கிறேன். படி ஏறியதா என்று கேட்டால், அதைப் படிதான் சொல்ல வேண்டும்!

இனி என் கதைக்கு வருகிறேன். நாற்பத்தோராண்டு இந்தத் துறையில் மீன் ஏலம் விளித்தவன் நான். நம் கரையின் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். மடிவலையை மணலில் கொட்டும் முன்னே ஏலம் விளிக்கக் கூடாது. மடி தண்ணீரில் கிடக்கும்போது அது மீனல்ல, வெறும் மினுக்கம். எழுபத்தொன்றாம் ஆண்டு ஆவணி, வெள்ளிக்கிழமை காலை. என் மச்சான் ராஜையனின் கரமடி வலை கரைக்கு வருகிறது. தண்ணீருக்குள் வெள்ளி வெள்ளியாய் மின்னுகிறது. கரை முழுக்க "வாளை! வாளை!" என்று கூத்தாடுகிறது. மச்சானின் மடியாயிற்றே, கூட்டம் கத்துகிறதே, நானும் மதிமயங்கி, கொட்டும் முன்னே விளித்துவிட்டேன். ஓமனா என்ற வியாபாரி அம்மா எடுத்துவிட்டார். கொட்டினோம். மின்னியதில் பாதி சொறிமீன்! தொட்டால் அரிக்கும், தின்ன ஆகாது.

ஓமனா சண்டை போடவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "ஓய், நான் மீனுக்கு ஏலம் கேக்கல்ல. உம்ம தொண்டைக்குக் கேட்டேன்."

அதற்கும் நம் கரையில் வழக்கம் உண்டு. மறுவிளி. தப்பாய் விளித்தவன், அதே மணலில், அதே ஆட்களின் முன்னே, தன் விளியைத் தானே திரும்ப எடுத்து, உள்ளதை உள்ளபடி மறுபடி விளிக்க வேண்டும். அன்றைக்கு விளித்தேன். மச்சான் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

இதை இப்போது ஏன் சொல்கிறேன்? இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே, பூசை முடிந்ததும், செருப்பு காணவில்லை என்று அறிவிக்கிற மைக்கைப் பிடுங்கி, "தேங்காய்ப்பட்டணத்து மானம்! ஒருதரம்! ரெண்டுதரம்! நாளைக்கு எல்லாரும் போனை அமுக்குங்க! கடலுக்கு அக்கரை இருக்கியவனையும் அமுக்கச் சொல்லுங்க!" என்று விளித்தது யார்? நான். இந்தத் தொண்டை. நம் ஊர் எந்திரம் அல்லவா, கூட்டம் அல்லவா! கொட்டாத மடிக்கு விளித்தேன், இரண்டாம் முறையாக, எண்பத்து மூன்றாம் வயதில்! யாரை நொந்துகொள்வது? என்னைத்தான் முதலில்.

இனி அடுத்தது கோயம்புத்தூரில் மாநிலப் போட்டி. மாவட்டத்துக்கு ஒரே ஒரு குழு. வருகிறோம் என்று திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் நாம் எழுதிக்கொடுத்தால் நாம் போவோம். வரவில்லை என்று எழுதிக்கொடுத்தால் இரண்டாமிடத்து மயிலாடி போகும். அந்த ஆதிராவுக்கு இது பள்ளியில் கடைசி வருடம். அடுத்த ஆண்டு என்ற ஒன்று அவளுக்கு இல்லை.

"கை தூக்கச் சொல்லும் பாட்டா, ஊரு தீர்மானிக்கட்டு!" என்கிறீர்களா?

வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! இன்னும் ஓட்டா? நானூறு கை தூக்கினால் அந்த எந்திரம் நாலாவது படியில் ஏறிவிடுமா? நான் உங்களைக் கேட்கவில்லை. செய்தவளைக் கேட்கிறேன். அஜிஷா, ஏறி வா மக்களே. மைக்கைப் பிடி. பயப்படாண்டாம்.

"பாட்டா... நானும் ஜெஃப்ரினும் நேத்தைக்கே டீச்சர்ட்ட எழுதிக் குடுத்தாச்சு. நாங்க போவல்ல."

என்ன? நேற்றேயா! பிறகு எதற்கு ஏட்டி இந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டாய்?

"சொல்ல வந்தப்பம் ஒவ்வொருத்தரா மாலை போட்டுக்கிட்டே இருந்தாவ பாட்டா. யாரும் பேச விடல்ல."

டீச்சர், அப்படியா? ஆமாம் என்கிறார். கேளுங்கள் சபையோரே! நாம் போட்ட மாலைதான் இந்தப் பிள்ளையின் வாயை அடைத்தது! வேறு என்ன சொல்ல வேண்டும் மக்களே? சொல்லு.

"வாலைக் கழத்தியாச்சு. பேட்டரியை முன்னால மாத்தியாச்சு. இப்பம் வீட்டுல நாலு படி ஏறுது. அஞ்சாவதுல நிக்குது. பின்ன... நடுவர் மார்க் மட்டும் பாத்தா நாங்க ஒன்பதாவது. அதைச் சொல்லணும். முதலிடம்னு சொல்லாதிங்க, நாணக்கேடா இருக்கு."

ஒன்பதாவது. பதினொன்றில் ஒன்பதாவது. தலைவர் அவர்களே, மூன்று நிமிடம் போய் முப்பது நிமிடம் ஆகிவிட்டது, தெரியும். இன்னும் ஒரு மூச்சு. என் கடமை பாக்கி இருக்கிறது. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள், வளைகுடாவுக்குப் போன் வைத்திருக்கிறவர்கள் அங்கேயும் கேட்க விடுங்கள்.

தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைகள் அஜிஷா, ஜெஃப்ரின், அவர்கள் செய்த எந்திரம், ஏறியது இரண்டு படி, பெற்றது பதினொரு மார்க், பிடித்தது ஒன்பதாம் இடம்! ஒருதரம்! ரெண்டுதரம்! மூணுதரம்!

இப்போது தட்டுங்கள் கை. இது அவர்கள் சொந்தமாய்ச் சம்பாதித்தது. லிஜின், நீரும் தட்டுகிறீரா? நல்லது தம்பி. உம்மிடம் ஒரு வேலை சொல்லட்டுமா? கோயம்புத்தூரில் ரசிகர் ஓட்டே வேண்டாம் என்று அந்தப் போட்டிக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதும். நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரையும் கையெழுத்துப் போடச் சொல்லும். அதற்கு மட்டும் கூட்டம் வேண்டும்.

இவ்வளவு நேரம் ஒரு கோபக்காரக் கிழவனைச் சகித்த தலைவருக்கு நன்றி, கடிகாரத்தை மறந்துவிட்ட பங்குத்தந்தைக்கு நன்றி, திட்டு வாங்கியும் எழுந்து போகாத உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம் மட்டும் உங்களுக்கு இல்லை. அது இந்தச் சபையில் இல்லாத ஒரு பிள்ளைக்கு. ஐந்து படி ஏறி இறங்கிய மயிலாடி ஆதிராவுக்கு, எட்டுப் பேர் மட்டுமே கை தட்டிய அந்தப் பிள்ளைக்கு, தேங்காய்ப்பட்டணத்தின் வணக்கம்!